மாறும் படலமா, மாறாத படலமா: நெல்லைச் சன்னலுக்கு எந்தக் கண்ணாடி?

திருநெல்வேலிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கண்ணாடி வாங்கும் கட்டத்துக்கு வரும்போது இப்போது புதிதாக ஒரு கேள்வி சேர்ந்துகொள்கிறது. வெயில் ஏறினால் தானாகவே வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறதாமே, அதையே போட்டுவிடலாமா என்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், சுவிட்சு வேண்டாம், சூடு பட்டால் கண்ணாடிமேல் உள்ள படலமே மாறிக்கொள்ளும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எது மாறுகிறது, எத்தனை டிகிரியில் மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது என்ற மூன்றையும் நம்மூர் வெயிலோடு வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. குளிர்காலமே இல்லாத ஊரில், சூரிய வெப்பத்தை ஒரு நேரம் உள்ளே விட்டு இன்னொரு நேரம் தடுக்கும் படலத்துக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. மாறும் படலத்தால் நமக்கு ஆதாயம் ஏதாவது உண்டென்றால் அது வெளிச்சத்தில்தான், வெப்பத்தில் அல்ல.

முதலில் திசை

நெல்லை 8.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறப்பை ஒட்டி உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் ஆவணி நடு வரை வடக்குப் பக்கம் சாய்ந்தே நிற்கும். ஆக, வடக்குச் சன்னலுக்கு வெயிலே வராது என்ற பேச்சு டெல்லிக்குச் சரி, நமக்குச் சரியில்லை. வணிகக் கட்டடங்களுக்கான 2017ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. 15 டிகிரி அட்சத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் வடக்குக் கண்ணாடிக்குச் சலுகை உண்டு. தெற்கே உள்ள நமக்கு எல்லாத் திசைக்கும் ஒரே வரம்பு.

வடக்கும் தெற்கும் சன்ஷேடுக்கு அடங்கிவிடும். மார்கழியில் உச்சி வெயில் 58 டிகிரி உயரத்தில் தெற்கிலிருந்து வரும். இரண்டடி சன்ஷேடு போட்டால் அப்போதும் மூன்றடிக்கு மேல் நிழல் விழும். ஆனியில் வடக்குச் சூரியன் 75 டிகிரி உயரம், ஓரடி நீட்டம் போதும். அடங்காதது மேற்கும் கிழக்கும். மாலை நான்கு மணிக்கு மேற்குச் சூரியன் சுமார் 35 டிகிரியில் நிற்கிறது. அதே இரண்டடி சன்ஷேடு தரும் நிழல் ஒன்றரை அடிக்கும் குறைவு. நான்கடி உயரச் சன்னலில் மூன்றில் இரண்டு பங்குப் பரப்பில் வெயில் நேராக விழும். அதனால் கண்ணாடிக்குக் கூடுதல் செலவு செய்வதென்றால் மேற்குச் சன்னலுக்குச் செய்யுங்கள், அடுத்தது கிழக்கு. வீடு முழுக்க ஒரே கண்ணாடி என்று ஒப்பந்தம் பேசுவது கடைக்காரருக்கு மட்டுமே வசதி.

ஒரே சன்னல், ஒரே வெயில்

ஒப்பிடுவதற்கு ஒரு சன்னலை எடுத்துக்கொள்வோம். நான்கடிக்கு நான்கடி, அதாவது சுமார் 1.5 சதுர மீட்டர், மேற்குப் பார்த்தது. தெளிந்த வானம், சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் என்று கொண்டால் கண்ணாடிமேல் விழுவது 900 வாட். வெளியே 38 டிகிரி, உள்ளே ஏசி போட்டு 26.

இங்கே இரண்டு எண்கள் வேண்டும். விழும் சூரிய ஆற்றலில் எத்தனை பங்கு அறைக்குள் வெப்பமாக வந்து சேர்கிறது என்பது எஸ்.எச்.ஜி.சி. கண்ணாடி ஊடே வருவதும், கண்ணாடி உட்கவர்ந்து சூடாகி உள்பக்கம் தள்ளுவதும் சேர்ந்ததே இந்த எண். உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் வெப்பநிலை வித்தியாசத்தால், ஒரு டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் கடத்தப்படுகிறது என்பதைச் சொல்வது யு மதிப்பு.

ஆறு மில்லிமீட்டர் தெளிவான சாதாக் கண்ணாடிக்கு எஸ்.எச்.ஜி.சி. 0.82, யு மதிப்பு 5.7. வெயிலால் சுமார் 740 வாட், கடத்தலால் நூறு வாட், மொத்தம் 840. ஒரு டன் ஏசியின் திறன் 3,500 வாட். அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கை இந்த ஒரு சன்னலே தின்றுவிடுகிறது.

இப்போது விற்பனையாளர் முதலில் காட்டும் இரட்டைக் கண்ணாடியைப் பார்க்கலாம். நடுவில் 12 மில்லிமீட்டர் காற்று வைத்த தெளிவான இரட்டைக் கண்ணாடிக்கு யு மதிப்பு 2.7க்கு இறங்கும், எஸ்.எச்.ஜி.சி. 0.7 அளவில்தான் நிற்கும். மொத்தம் 680 வாட். இதே இடத்தில் ஒற்றையாக ஆறு மில்லிமீட்டர் பச்சை நிறக் கண்ணாடி போட்டால் எஸ்.எச்.ஜி.சி. சுமார் 0.6, மொத்தம் 640 வாட். விலையில் எங்கோ இருக்கும் இரட்டைக் கண்ணாடியைச் சாதாப் பச்சைக் கண்ணாடி முந்திவிடுகிறது. நம்மூரில் 12 டிகிரி வித்தியாசத்துக்கு யு மதிப்பைத் துரத்துவது பயன் தராது. வாங்க வேண்டியது தாழ்ந்த எஸ்.எச்.ஜி.சி.

பச்சையா, பழுப்பா, சாம்பலா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. மூன்றுக்கும் எஸ்.எச்.ஜி.சி. 0.6க்கு அக்கம்பக்கம்தான். ஆனால் பச்சை 75 சதவீத வெளிச்சத்தை விடும், பழுப்பு 50ஐ ஒட்டி, சாம்பல் அதற்கும் கீழே. பச்சைக் கண்ணாடியில் உள்ள இரும்பு 1050 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் உட்கவர்கிறது. பழுப்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் சேர்த்தே வெட்டுகிறது. பழுப்பு போட்ட அறையில் பகலில் விளக்கெரிக்க வேண்டும், அந்த விளக்கும் சூடுதான். அறை இருட்டாக இருந்தால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. கடைகளில் பழுப்பு அதிகம் போவதற்கு அது ஒரு காரணம்.

வனேடியம் டை ஆக்சைடு: சூடானால் உலோகமாகும் படலம்

வெப்பத்தால் மாறும் கண்ணாடி என்றதும் ஆய்வுக் கட்டுரைகளில் முதலில் வருவது வனேடியம் டை ஆக்சைடு. 1959இல் பெல் ஆய்வுக்கூடத்தில் எஃப். ஜே. மோரின் இதன் மாற்றத்தை வெளியிட்டார். 68 டிகிரிக்குக் கீழே இது குறைகடத்தி. படிகத்துக்குள் வனேடியம் அணுக்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து நிற்கும். 68ஐத் தாண்டியதும் சோடி பிரிந்து அமைப்பு ரூட்டைல் என்ற படிக வகைக்கு மாறும், பொருள் உலோகத்தன்மை பெறும். தரமான படலத்தில் மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேலும் விழும். ஒளியில் நடப்பது இன்னும் சுவாரசியம். கண்ணுக்குத் தெரியும் பகுதியில் பெரிதாக ஒன்றும் மாறாது. 2000 நானோமீட்டருக்கு மேலே 60, 70 சதவீதம் ஊடுருவிக்கொண்டிருந்தது பத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சன்னல் கருக்காமல் வெப்பத்தை மட்டும் வெட்டும் என்று விளம்பரம் சொல்வது இதைத்தான்.

சிக்கல் சூரிய நிறமாலையில் இருக்கிறது. தரையில் விழும் சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி அகச்சிவப்பு என்பது சரி. ஆனால் அந்த அகச்சிவப்பின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் சிவப்பை ஒட்டியே குவிந்திருக்கிறது. 1100 நானோமீட்டருக்கு மேலே உள்ளது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். படலம் நன்றாக மாறும் இடத்தில் சூரியனிடம் சரக்கு குறைவு. சூரியனிடம் சரக்கு இருக்கும் இடத்தில் படலம் சோம்பலாக மாறுகிறது. அதனால் 50 முதல் 80 நானோமீட்டர் தடிமனுள்ள ஒற்றைப் படலத்தில் மொத்தச் சூரிய ஊடுருவலின் மாற்றம் ஐந்திலிருந்து பத்து சதவீதத்துக்குள்தான் கிடைக்கிறது. படலமாகப் பூசாமல் நானோ துகள்களாகப் பாலிமரில் கலந்தால், உலோக நிலையில் 1200 நானோமீட்டரைச் சுற்றி பிளாஸ்மான் உட்கவர்தல் (துகளின் எலக்ட்ரான்கள் கூட்டாக அசைந்து ஒளியை விழுங்குவது) வந்து மாற்றம் இருபது சதவீதம் வரை எட்டும். ஆனால் துகள்களைத் திரளாமல் கலப்பது தனிப் பாடு. திரண்டால் கண்ணாடி மங்கும்.

நம் சன்னலில் இதை வைத்துப் பார்ப்போம். குளிர்ந்த நிலையில் சூரிய ஊடுருவல் 45 சதவீதம், சூடான நிலையில் 37 என்று கொள்வோம். படலம் 40, 50 சதவீதத்தைத் தானே உட்கவரும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே திரும்பும். இரண்டையும் கூட்டினால் வெயிலால் உள்ளே வருவது குளிர் நிலையில் 520 வாட், சூடு நிலையில் 465. மாறியதால் மிச்சம் 55 வாட். பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுக்கும் மின்சாரம்கூட இல்லை. தெளிவான கண்ணாடியின் 740இலிருந்து 520க்கு இறங்கிய 220 வாட்டுக்குக் காரணம் படலம் மாறியது அல்ல, படலம் எப்போதுமே மங்கலாக, மஞ்சள் பழுப்பாக இருப்பது. அந்த வேலையை மாறாத எந்தப் படலமும் செய்யும்.

இனி எத்தனை டிகிரியில் மாறுகிறது என்பதற்கு வருவோம். மேற்கு வெயிலில் இந்தக் கண்ணாடி எவ்வளவு சூடாகும்? உட்கவரும் வாட்டை இருபக்கமும் காற்று கொண்டுபோகும் வேகத்தால் வகுத்தால் விடை வரும். 600 வாட்டில் 40 சதவீதம் 240. லேசான காற்றில் ஒரு டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு வெளியே 15 வாட், உள்ளே 8, ஆக 23ஆல் வகுத்தால் பத்து டிகிரி ஏற்றம். வெளியே 37, உள்ளே 28 முதல் 33 என்றால் கண்ணாடி 44 முதல் 46 டிகிரியில் நிற்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது இன்னும் நான்கைந்து டிகிரி குறையும். கலப்பில்லாத வனேடியம் டை ஆக்சைடுக்கு வேண்டிய 68 டிகிரி அக்கினி நட்சத்திரத்திலும் வராது.

டங்ஸ்டன் கலந்து இறக்கலாம். அணு சதவீதம் ஒன்றுக்கு 20 முதல் 25 டிகிரி இறங்கும். ஒன்றரை, இரண்டு சதவீதம் கலந்து 25, 30 டிகிரிக்குக் கொண்டுவந்ததாகக் கட்டுரைகள் பெருமையாக எழுதுகின்றன. அவர்கள் மனதில் உள்ளது ஐரோப்பியச் சன்னல். நெல்லையில் 28 டிகிரியில் மாறும் படலம் பங்குனியிலிருந்து ஆவணி வரை பகலெல்லாம் சூடு நிலையிலேயே கிடக்கும். தயக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஏறும்போது மாறும் வெப்பநிலையும் இறங்கும்போது திரும்பும் வெப்பநிலையும் ஒன்றல்ல, படலங்களில் 5 முதல் 15 டிகிரி வரை இடைவெளி இருக்கும். 28இல் மாறியது திரும்ப 20க்குக் கீழே போக வேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் இரவிலும் அது திரும்பாது. போதாக்குறைக்கு டங்ஸ்டன் கூடக் கூட மாற்றத்தின் அளவும் சுருங்கும்.

சரி, 40இல் மாறும்படி செய்தால்? அப்போது தினமும் மாறும், உண்மை. ஆனால் காலையில் 'குளிர்' நிலையில் அது உள்ளே விடும் அகச்சிவப்பு நமக்கு எதற்கு? ஏசி ஓடாவிட்டாலும் அந்த வெப்பத்தை வரவேற்கும் நாள் நம் காலண்டரில் இல்லை. மாஞ்சோலை உயரத்தில், கொடைக்கானலில் மார்கழிக் காலைக்கு அது உதவலாம். தாமிரபரணிப் படுகைக்கு எப்போதும் தடுக்கும் படலமே போதும்.

பூசியபின் காப்பாற்றுவதும் லேசல்ல. வனேடியத்துக்கு இன்னும் ஆக்சிஜன் ஏற்கும் ஆசை உண்டு. ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் மெதுவாக வனேடியம் பென்டாக்சைடாகிவிடும், மாறும் குணம் போய்விடும். அலுமினா, சிலிக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு மேலடுக்கு வேண்டும், அல்லது இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து ஒட்ட வேண்டும். ஒளிவிலகல் எண் 2.5க்கு மேல் இருப்பதால் பளபளவென எதிரொளிக்கும். டைட்டானியம் அடுக்கு அதையும் குறைக்கும். பென்டாக்சைடு தூள் நச்சு. ஆய்வகத்தில் கெட்ட படலத்தை உலர்வாகச் சுரண்டக் கூடாது.

வெளிச்சத்தை மாற்றுகிறவை

நமக்குக் கொஞ்சமாவது பொருந்தும் மாறும் வகை, பி.வி.பி. இடைப்படலத்துக்குள், அதாவது இரண்டு கண்ணாடியை ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் தாளுக்குள், உலோகச் சேர்மங்களைக் கரைத்துச் செய்வது. கோபால்ட், நிக்கல் போன்ற அயனிகளைச் சுற்றி ஆறு துணை மூலக்கூறுகள் இருக்கும்போது நிறம் மங்கல். சூடேறினால் அது நான்காகி நிறம் அடர்த்தியாகும். திடீரென மாறாது, வெயில் ஏற ஏறப் படிப்படியாகக் கருக்கும், தணியத் தணியத் தெளியும். மேற்குப் பார்த்த மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம், ரோட்டைப் பார்த்த கடை முகப்பு போன்ற இடங்களில் காலை முழுக்க வெளிச்சமும் காட்சியும் வேண்டும், நான்கு மணிக்குக் கண் கூசாமலும் இருக்க வேண்டும், திரைச்சீலையை இழுத்துவிட ஆள் இருக்காது. அங்கே இதற்கு நியாயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிய நாளில் கண்ணாடி தெளிவாகவே இருக்கும். நிரந்தரமாகக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கடை அன்று பொந்துபோல இருக்கும்.

ஆனால் இது ஒளியை உட்கவர்ந்து கருக்கிறது, எதிரொளித்து அல்ல. கருக்கும் கண்ணாடி கொதிக்கும். அதைத் தனியாகப் போட்டால் சன்னல் பக்கத்தில் உட்காருகிறவர் முதுகில் அனல் அடிக்கும். வெளிக் கண்ணாடியில் இதையும், உள்ளே காற்றிடைவெளி தாண்டி லோ-ஈ பூச்சையும் (வெப்பக் கதிரை மிகக் குறைவாக உமிழும் மெல்லிய பூச்சு) வைத்த இரட்டைக் கண்ணாடியாகத்தான் வாங்க வேண்டும். செலவு அந்த அளவுக்கு ஏறும்.

நீர்க்கூழ் வகை ஆய்வகத்தில் எண்களால் அசத்தும். பி-நிபாம் என்ற பாலிமர்க் கூழ் 32 டிகிரிக்குக் கீழே தண்ணீர்போலத் தெளிவு. மேலே போனால் பால் வெள்ளையாகி ஒளியைச் சிதறடிக்கும். சூரிய ஊடுருவல் மாற்றம் வனேடியத்தைப்போலப் பல மடங்கு. ஆனால் நம்மூரில் பங்குனி தொடங்கி ஆவணி வரை நிழலிலேயே 32 தாண்டும். வெயிலே படாத சன்னலும் பகல் பூராவும் வெள்ளையாக நிற்கும். வெளியே தெரு தெரியாது. ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் கூழ் நாற்பதுக்கு மேல் மாறுவதால் இடத்துக்குப் பொருந்தும், உப்பு சேர்த்து வெப்பநிலையை இறக்கிச் சரிசெய்யலாம். இருந்தாலும் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் தண்ணீரை அடைத்து வைக்கும் வேலை இது. விளிம்பு முத்திரை விட்டால் உலரும், குமிழி விழும், நிமிர்ந்த சன்னலில் கூழ் கீழே இறங்கித் தடிமன் மாறும். பத்து வருஷத்துக்குக் கை வைக்காமல் இருக்க வேண்டிய பொருளாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. முற்றத்துக்கு மேலே வெளிச்சக் கூரை போடுகிறவர்களுக்குக் காட்சி தேவையில்லையே என்று தோன்றலாம். அங்கே பால்நிறப் பாலிகார்பனேட் தகடு இதே வேலையை எந்தத் தொல்லையும் இல்லாமல் செய்கிறது.

குவளையிலும் குழந்தைக் கரண்டியிலும் நிறம் மாறும் லியூகோ சாயம் வெயிலின் புற ஊதாவில் சீக்கிரம் வெளுத்துவிடும். வெப்பமானிப் பட்டையிலுள்ள திரவப் படிகம் வெப்பநிலையைக் காட்டத்தான் சரி. பெரோவ்ஸ்கைட் படலங்களில் ஈயமும் இருக்கிறது, ஈரத்துக்கும் ஆகாது. சன்னலுக்கு இவை மூன்றும் வேண்டாம்.

கூரைக்கு மாறும் பூச்சு பற்றியும் கேட்கிறார்கள். டங்ஸ்டன் கலந்த வனேடியம் டை ஆக்சைடை வைத்து, 15 டிகிரிக்குக் கீழே 0.20, 30க்கு மேலே 0.90 என்று உமிழ்திறன் (வெப்பத்தைக் கதிராக வெளியே வீசும் திறன்) தானாக மாறும் கூரைப் பூச்சை 2021இல் சயன்ஸ் இதழில் அறிவித்தார்கள். அருமையான வேலை, ஆனால் 15 டிகிரிக்குக் கீழே போகாத ஊரில் அது பெரும்பாலும் 0.90ஐ ஒட்டியே நிற்கும். வெள்ளைச் சுண்ணாம்பின் உமிழ்திறனும் கிட்டத்தட்ட அதேதான்.

மாறாதவை

லோ-ஈ பூச்சில் பத்து நானோமீட்டர் அளவுள்ள வெள்ளிப் படலம் இருக்கிறது, இருபுறமும் மின்காப்பு ஆக்சைடு அடுக்குகளோடு. வெள்ளி ஒன்றாக இருந்தால் குளிர்நாட்டுக் கண்ணாடி. நமக்கு வேண்டியது இரட்டை வெள்ளி, வெயில் கட்டுப்பாட்டு வகை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டு, 780 நானோமீட்டரைத் தாண்டியதும் செங்குத்தாக வெட்டி எதிரொளிக்கும். சூரியனிடம் சரக்கு இருக்கும் அதே இடத்தில் வெட்டுவதுதான் இதன் பலம். எஸ்.எச்.ஜி.சி. 0.27 அளவில் எடுத்தால் நம் சன்னலில் மொத்தம் 270 வாட். மேலே சொன்ன விதித்தொகுப்பின் வரம்பும் அந்த 0.27தான்.

மென்பூச்சு வெள்ளி காற்றுப் பட்டால் கறுக்கும், ஆகவே இரட்டைக் கண்ணாடிக்குள் அடைத்தே போட வேண்டும். அடைப்பதற்கு முன் ஓரத்தில் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் அகலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அரிப்பு ஓரத்திலிருந்து உள்ளே புள்ளிபுள்ளியாக ஊர்ந்து வரும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் உப்புக் காற்றில் இது வேகமாக நடக்கும். உள் முத்திரை பியூட்டைல், வெளி முத்திரை பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கான், நடுச் சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இவை மூன்றும் இருக்க வேண்டும். சிலிக்கானை மட்டும் சுற்றி ஒட்டி இரட்டைக் கண்ணாடி என்று தருகிற பட்டறைகள் உண்டு. சிலிக்கான் வழியே நீராவி போகும். இரண்டாவது மழைக்காலத்தில் கண்ணாடிக்கு நடுவே பனி படியும், அதைத் துடைக்க வழியில்லை.

ஒற்றைக் கண்ணாடியே போதும் என்றால், உருகு நிலையிலேயே பூசிய வெள்ளீய ஆக்சைடுக் கடினப் பூச்சு இருக்கிறது. உமிழ்திறன் 0.15 அளவு, காற்றுக்குத் தாங்கும், பூச்சு உள்பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் தனியாக அது வெயிலை அவ்வளவாக வெட்டாது. பச்சை நிறக் கண்ணாடிமேல் பூசியது என்றால் கேளுங்கள்.

ஏற்கெனவே உள்ள கண்ணாடியை மாற்ற முடியாதவர்களுக்கு ஃபிலிம். சாயம் போட்டது வேண்டாம், ஊதாவாக வெளுக்கும். உலோகம் தூவியது பகலில் கண்ணாடிபோல முகம் காட்டும், இரவில் விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து உள்ளே தெரியும், செல்போன் சிக்னலையும் கொஞ்சம் தடுக்கும். செராமிக் என்று விற்பதில் சீசியம் டங்ஸ்டன் ஆக்சைடு, ஆன்டிமனி கலந்த வெள்ளீய ஆக்சைடு நானோ துகள்கள் இருக்கும். அகச்சிவப்பை உட்கவரும், பார்வைக்குத் தெளிவு. எஸ்.எச்.ஜி.சி. 0.45 கிடைத்தால் நம் சன்னலில் மொத்தம் 510 வாட்.

உட்கவரும் ஃபிலிமுக்கு ஓர் ஆபத்து. கண்ணாடி நடுவில் 48 டிகிரிக்குப் போகும், சட்டத்துக்குள் மறைந்த ஓரம் நிழலில் குளிர்ந்திருக்கும். பதப்படுத்தாத சாதாக் கண்ணாடி ஓரத்தில் வெட்டும்போது விழுந்த சில்லு இருந்தால் அங்கிருந்து கீறல் ஓடும். அகலமான கண்ணாடியில் சன்ஷேடு நிழல் பாதியில் விழுந்தால் ஆபத்து கூடும். இரட்டைக் கண்ணாடியின் உள்கண்ணாடியில் இந்த ஃபிலிமை ஒட்டவே கூடாது; சூடு வெளியேற வழியில்லாமல் முத்திரையும் போகும், கண்ணாடியும் போகும். டஃபன் செய்த, அதாவது பதப்படுத்திய கண்ணாடிக்குக் கீறல் பயம் இல்லை.

எல்லாவற்றையும் எண்ணில் முந்துவது கண்ணாடிக்கு வெளியே தொங்கும் தட்டி. நல்ல அடர்த்தியான கீற்றுத் தட்டியோ மூங்கில் திரையோ வெயிலில் 85 சதவீதத்தை மறித்தால், பின்னால் சாதாக் கண்ணாடியே இருந்தாலும் 215 வாட்டுக்குள் அடங்கும். உள்ளே தொங்கும் திரைச்சீலையால் இது முடியாது. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்ட பிறகு திரை சூடாகி அறைக்குள்ளேயே கொடுக்கும். ஆடிக் காற்றில் தட்டியைக் கீழேயும் கட்ட வேண்டும், கீற்று வருஷா வருஷம் மாற்ற வேண்டும், மாடிச் சன்னலில் ஏறிக் கட்டுவது யார் என்பதும் கேள்விதான்.

என் தேர்வு இப்படி. தரைத்தளத்து மேற்கு அறைக்குப் பச்சைக் கண்ணாடியும் வெளித் தட்டியும். மாடியில் ஏசி அறைக்கு இரட்டை வெள்ளி இரட்டைக் கண்ணாடி. வாடகை வீட்டுக்கு செராமிக் ஃபிலிம். மாறும் இடைப்படலக் கண்ணாடி கடை முகப்புக்கும் கூடத்துக்கும் மட்டும், அதுவும் திரை போட முடியாத இடத்தில்.

கடையில் ஏமாறாமல் இருக்க

கடையில் சிவப்பு ஹீட் லாம்பு முன்னால் ஃபிலிமைப் பிடித்து, கையை வைத்துப் பாருங்கள் சூடே இல்லை என்பார்கள். அந்த விளக்கின் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்பு, சூரியனில் பாதிதான். விளக்கில் ஜெயிப்பது வெயிலில் பாதிகூடத் தடுக்காமல் போகலாம். கையடக்க மீட்டரில் 'ஐ.ஆர். 99 சதவீதம்' என்று காட்டுவதும் பெரும்பாலும் 950 அல்லது 1400 நானோமீட்டரில் ஒரே ஒரு அலைநீள அளவு. கேட்க வேண்டியது டி.எஸ்.இ.ஆர்., அதாவது மொத்தச் சூரிய ஆற்றலில் தடுப்பது. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் எஸ்.எச்.ஜி.சி. அதோடு வி.எல்.டி.யையும், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எத்தனை சதவீதம் உள்ளே வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் ஒப்பிட, ஒரே அளவு தெர்மகோல் பெட்டி இரண்டு எடுத்து உள்ளே மங்கல் கறுப்பு பூசி, அடியில் ஒவ்வொரு வெப்பமானி வைத்து, அதன் குமிழ்மேல் வெயில் நேரே படாமல் அட்டை நிழல் கொடுங்கள். மேலே இரண்டு மாதிரிகளை வைத்து விளிம்பை டேப்பால் அடைத்து, நண்பகலில் இருபது நிமிடம் வெயிலில் வைத்துவிட்டுப் பாருங்கள். பெட்டிகளை இடம் மாற்றி இன்னொரு முறை. அகச்சிவப்பு வெப்பமானியைக் கண்ணாடிமேல் பிடிக்க வேண்டாம். லோ-ஈ பக்கத்தில் அது உங்கள் உடம்புச் சூட்டின் எதிரொளிப்பையே காட்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் வனேடியப் படலம் செய்து பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது கருவியின் எல்லை. 1100 நானோமீட்டரோடு நிற்கும் நிறமாலைமானியில் மாற்றம் அரைகுறையாகத்தான் தெரியும். 2500 வரை போகும் கருவி வேண்டும். வெப்ப இணையை ஹீட்டரில் அல்ல, படலத்தின் பக்கம் ஒட்டுங்கள். மாறும் இடத்தைச் சுற்றி இரண்டிரண்டு டிகிரியாக, ஒவ்வொன்றிலும் நிலைக்கவிட்டு, 2000 நானோமீட்டரில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அளந்தால் தயக்க வளையம் வரும். சாதாச் சன்னல் கண்ணாடிமேல் பூசி 450, 500 டிகிரியில் பதப்படுத்தினால் கண்ணாடியின் சோடியம் படலத்துக்குள் ஏறிக் கெடுக்கும். நடுவே சிலிக்கா அடுக்கு அல்லது உருகிய சிலிக்கா அடித்தகடு தேவை. நிறமாலைமானி காலியாக இல்லாத நாளில் மல்டிமீட்டரே போதும். மேலடுக்கு இல்லாத படலத்தில் இரண்டு முனையை வைத்து ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். மின்தடை நூறு மடங்காவது சட்டென்று விழாவிட்டால் நீங்கள் செய்தது பென்டாக்சைடாகவோ வேறு படிக வகையாகவோ இருக்கும்.

ஃபிலிம் ஒட்டுவதென்று முடிவானால் தை, மாசியில் ஒட்டுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் பறக்கும் செம்மண் தூசு ஒட்டும்போதே அடியில் சிக்கிக்கொள்ளும். ஐப்பசி ஈரத்தில் உள்ளே நின்ற தண்ணீர் ஆவியாகப் பல வாரம் எடுக்கும். ஷாம்பு கலந்த நீரை ஒட்டுபவர் ரப்பர் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும், சட்டத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். முதல் சில வாரம் புகைபோலத் தெரிவது தண்ணீர்தான், தானாகப் போகும். ஊசியால் குத்தக் கூடாது, ஒரு மாதம் துடைக்கவும் கூடாது. அதன்பிறகு அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம். போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் படிவு கோடுகோடாக நிற்கும். ஆற்றுத் தண்ணீர்க் குழாயிலிருந்து பிடித்துத் துடையுங்கள்.